இந்திர லிங்கத்துக்கு அடுத்தது எது?

பன்னிரண்டு வயதில் ஒரு யுத்தத்தை விலைக்கு வாங்கியே தீருவது என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். என் வகுப்புப் பெண்கள் சைக்கிளுக்கும் கொலுசுக்கும் அடம்பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. எனக்கு வேண்டியிருந்தது பீரங்கியும் குதிரைப்படையும்.

திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் அப்பா ஒரு சின்ன லாட்ஜ் நடத்திவந்தார். வாடகைக்கு ஆறு ரூம். கீழே பின்பக்கம் ஏழாவது ரூமில் அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் குடியிருந்தோம். ஒரு மழைக்காலத்தில் மூன்று நாள் வெளியே போக முடியாமல் மாட்டிக்கொண்ட வெள்ளைக்காரர் ஒருவர் வராந்தாவில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு லேப்டாப்பில் அந்த விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தார். டுமீல் டுமீல் என்று சுடுகிற விளையாட்டு இல்லை. தேன்கூடு மாதிரி கட்டம் கட்டமாக ஒரு வரைபடம். அதில் ஆறு, பாலம், மேடு, படைகள். நாம்தான் தளபதி. யாரை எங்கே நிறுத்துவது, சாப்பாட்டு வண்டியை எந்த வழியாக அனுப்புவது என்று யோசித்து நகர்த்த வேண்டும். சோறு போய்ச் சேராத படை மறுநாள் சண்டை போடாது. மேட்டைப் பிடித்தவன் பாதி ஜெயித்த மாதிரி. மலையடிவாரத்தில் பிறந்தவளுக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டுமா என்ன?

அவர் எனக்கும் ஆடக் கொடுத்தார். மூன்று ஆட்டம் ஆடி மூன்றிலும் தோற்றேன். நாலாவதில் கிட்டத்தட்ட ஜெயித்துவிட்டேன் என்ற இடத்தில் மழை விட்டுவிட்டது. அவர் லேப்டாப்பை மூடிக்கொண்டு பெங்களூர் பஸ் ஏறிப் போய்விட்டார். பாதியில் நின்ற அந்தச் சண்டையை முடித்தே ஆகவேண்டும் என்ற வெறி அன்று எனக்குப் பிடித்தது. விளையாட்டின் பெயரை நோட்டில் எழுதி வைத்திருந்தேன். தேடியபோது, கம்ப்யூட்டர் விளையாட்டுகளை மட்டும் விற்கிற ஒரு வெளிநாட்டுத் தளத்தில் அது இருந்தது. ரிசப்ஷனில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரிலேயே ஓடும் என்றும் போட்டிருந்தது. பணம் கட்டினால் போதும், கடைக்குக்கூடப் போக வேண்டாம்.

அந்தப் பணம் கட்டுவதில்தான் சிக்கல். எங்கள் வீட்டில் கம்ப்யூட்டரில் கார்டு நம்பர் போடுவது என்ற பேச்சே கிடையாது. காரணம், அதற்கு இரண்டு வருடம் முன்பு அப்பா ஒரு மெயிலை நம்பி ஏமாந்திருந்தார். கார்த்திகை தீபத்துக்கு இருபது பேர் வருகிறோம், ஆறு ரூமும் பத்து நாளைக்கு வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். கேட்டதைவிட ஜாஸ்தியாகப் பணம் போட்டுவிட்டதாக ஒரு பேங்க் ரசீதும் வந்தது. மிச்சத்தை எங்கள் வேன் ஏஜென்டுக்கு இன்றே அனுப்பிவிடுங்கள் என்று அவசரப்படுத்தினார்கள். அப்பா அனுப்பிவிட்டார். ரசீதும் பொய், இருபது பேரும் பொய். மொட்டை மாடியில் படுக்க இடம் கிடைத்தால்கூட ஜனங்கள் கும்பிடுகிற தீபத்தன்று எங்கள் ஆறு ரூமும் காலியாகக் கிடந்தன.

போன பணத்தைவிடப் பெரிய தண்டனை மாமா. அம்மாவின் அண்ணன், கீழ்பென்னாத்தூரில் உரக்கடை வைத்திருந்தார். பௌர்ணமி தவறாமல் கிரிவலத்துக்கு வந்து எங்கள் லாட்ஜில்தான் வண்டியை நிறுத்துவார். படியேறும்போதே ஆரம்பித்துவிடுவார்.

“இன்னா மாப்ள, அந்த இருவது பேரு வந்துட்டாங்களா?”

ரிசப்ஷனில் இருக்கும் எல்லாரும் சிரிப்பார்கள். அப்பாவும் சிரித்துவைப்பார். எல்லாரையும்விட அதிகமாகச் சிரிப்பது நான்தான். கம்ப்யூட்டர் விஷயத்தில் அப்பாவை ஒரு குழந்தையாகவே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகாது என்பார்கள். நானோ பூனையை அடுப்பின் மேலேயே ஏற்றப் பார்த்தேன். சாப்பிடும்போது கேட்டேன், துணி மடிக்கும்போது கேட்டேன், மோட்டார் போடும்போது கேட்டேன். ஒரு வாரம் பால் குடிக்காமல் இருந்தேன். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை என்று தெரிந்ததும் திரும்பவும் குடிக்க ஆரம்பித்தேன். கடைசியில் ஒரு பௌர்ணமி மறுநாள், கசங்கிய படுக்கை விரிப்புகளை எண்ணிக்கொண்டிருந்த அப்பா தலையை நிமிர்த்தாமலேயே சொன்னார்:

“இந்தப் பௌர்ணமிலேர்ந்து அடுத்த பௌர்ணமி வரைக்கும் மெயிலு உன் பொறுப்பு. பொய் மெயிலு ஒண்ணுகூட உள்ள வரக் கூடாது. நெசமா வர்ற கெஸ்ட்டு ஒருத்தர்கூட வெளிய போவக் கூடாது. பாத்துகினேன்னா, வாங்கித் தரேன்.”

எங்கள் ஊரில் லாட்ஜ்காரர்களுக்கு மாதம் என்பது ஒன்றாம் தேதி தொடங்குவதில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமிதான் கணக்கு. அந்தத் தளத்தில் என் விளையாட்டுக்குப் போட்டிருந்த தள்ளுபடியும் அடுத்த பௌர்ணமியன்றே முடிந்தது. கடவுளே பார்த்து ஏற்பாடு செய்த மாதிரி இருந்தது.

காலையில் பள்ளிக்கூடம் போவதற்கு முன் ஒரு மணி நேரம், வந்த பிறகு ஒரு மணி நேரம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு நோட்டுப் போட்டு நிஜம், பொய், சந்தேகம் என்று பிரித்துக் கோடு கிழித்தேன். பேங்கிலிருந்து வருவதாகச் சொல்லிக்கொண்ட மெயில்கள், எங்களுக்கு வந்த பார்சல் கஸ்டம்ஸில் நிற்கிறது என்ற மெயில்கள், நாங்கள் வாங்காத லாட்டரியில் விழுந்த பரிசுகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பிடித்தேன். அனுப்பியவர் என்று மேலே போட்டிருக்கும் பெயரைப் பார்க்கவே கூடாது என்பது முதல் வாரத்திலேயே புரிந்துவிட்டது. பெயரை யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். முகவரியின் கடைசிப் பகுதியைப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும். பேங்க் பெயரில் வந்த மெயில் யாரோ ஒரு செருப்புக் கடையின் முகவரியிலிருந்து வந்திருக்கும்.

ஆனால் நிஜமான கெஸ்ட்டுகள்தான் என்னைப் பாடாய்ப் படுத்தினார்கள். பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர் ஒரு பட்டியல் கொடுத்திருந்தார். முன்பின் தெரியாதவர் எழுதினால் நம்பாதே, அவசரப்படுத்தினால் நம்பாதே, பேங்க் விவரம் கேட்டால் நம்பாதே, இங்கிலீஷ் தப்பும் தவறுமாக இருந்தால் நம்பாதே, கடவுளைப் பற்றி உருகினால் நம்பவே நம்பாதே. அந்தப் பட்டியலின்படி பார்த்தால் எங்கள் லாட்ஜில் இதுவரை தங்கிய ஒருவரும் நிஜமில்லை. எல்லாரும் முன்பின் தெரியாதவர்கள். எல்லாருக்கும் அவசரம். அட்வான்ஸை எந்த அக்கவுண்டில் போடுவது என்று எல்லாரும் கேட்பார்கள். இத்தாலிக்காரரின் இங்கிலீஷ் எங்கள் பால்காரரின் இங்கிலீஷைவிட மோசம். கடவுளோ வரிக்கு வரி வருவார்.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். சந்தேகமான மெயில்களுக்கெல்லாம் ஒரு கேள்வியைப் பதிலாக அனுப்பினேன். கிரிவலப் பாதையில் இந்திர லிங்கத்துக்கு அடுத்தது எந்த லிங்கம்? கீழே ரிசப்ஷன் மேனேஜர் என்று கையெழுத்தும் போட்டேன். எங்களிடம் மெயிலில் கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் வருஷா வருஷம் வருகிறவர்கள். முதல் தடவை வருகிறவர்களை ஆட்டோக்காரர்கள்தான் கொண்டுவந்து விடுவார்கள். அதனால் கேள்வி நன்றாகவே வேலை செய்தது. ஏமாற்றுக்காரர்கள் பதிலே போடவில்லை. பிரான்சிலிருந்து ஓர் அம்மா எட்டு லிங்கங்களையும் வரிசையாக எழுதி, மலையைச் சுற்றிப் படமும் வரைந்து அனுப்பினார். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். அந்த வரிசை தெரியாத நல்ல மனிதர் ஒருவர் உலகத்தில் இருக்க முடியும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் தெருவில் பல் முளைக்காத குழந்தைக்குக்கூட அது தெரியும்.

இரண்டாவது வாரத்தில் ஒரு மெயில் வந்தது. வரப்போகிற பௌர்ணமிக்கு மாடியில் மலை தெரிகிற ரூம் வேண்டும். இறந்துபோன என் மனைவிக்கு உங்கள் இடம் மிகவும் பிடிக்கும். தயவுசெய்து இல்லை என்று சொல்லிவிடாதீர்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். என் கண் ‘இறந்துபோன மனைவி’யில் நின்றுவிட்டது. பொய் மெயில்களில் எப்போதும் யாராவது செத்திருப்பார்கள்; லாட்டரிக்காரருக்குக் கணவர், புதையல்காரருக்கு அப்பா. கேள்வியை அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது. எனக்குத் தெரியாது, நான் அங்கே வந்ததே இல்லை, அவளுக்குத் தெரிந்திருக்கும். அட்வான்ஸை எங்கே அனுப்புவது என்று சொன்னால் இன்றே அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தார். சாவு, அவசரம், பணம் மூன்றும் இருந்தன. லிங்கம் மட்டும் இல்லை. நோட்டில் பொய் என்று எழுதி அடிக்கோடு போட்டேன். பத்து நாள் கழித்து அவரிடமிருந்து இன்னொன்று வந்தது. அதைத் திறக்காமலேயே அழித்தேன். மாடி ரூமை விஜயவாடாக் குடும்பம் ஒன்றுக்குக் கொடுத்தாயிற்று. லாட்ஜின் பழைய ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும். ஜெயித்துக்கொண்டிருக்கிறவள் எதற்குப் புரட்டுகிறாள்?

பௌர்ணமி வந்தது. சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் ரோட்டில் தலைகளாகத் தெரிந்தன. அப்பா சொன்ன சொல் தவறாமல் பனியன் மேல் சட்டை போட்டுக்கொண்டு வந்து, ஏதோ கையெழுத்துப் போடப்போகிறவர் மாதிரி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். கார்டை மேசை மேல் வைத்தார். நான் நம்பர்களை அடித்தேன். இனி போனுக்கு ஓடிபி வரவேண்டும், அவ்வளவுதான்.

வரவில்லை. பௌர்ணமியன்று எங்கள் ஊரில் லட்சக்கணக்கான போன்கள் ஒரே மலையைச் சுற்றும். டவர் திணறிவிடும். பக்கத்துத் தெருவில் இருப்பவருக்குக்கூடப் போன் கிடைக்காது. இது தெரிந்திருந்தும் கடைசி நாள் வரை காத்திருந்தது என் முட்டாள்தனம். அப்பா போனை எடுத்துக்கொண்டு சிக்னல் பிடிக்க மொட்டை மாடிக்குப் போனார். அம்மா பின்பக்கம் விரிப்பு அலசிக்கொண்டிருந்தாள். ரிசப்ஷனில் நான் மட்டும் இருந்தேன்.

அப்போதுதான் மெயில் வந்தது. உங்கள் பணம் வந்து சேரவில்லை, கீழே அழுத்தி கார்டு நம்பரைத் திரும்பக் கொடுங்கள், ஒரு மணி நேரத்துக்குள் செய்யாவிட்டால் ஆர்டர் ரத்தாகும். இந்த மாதிரி மெயில் வாரத்துக்கு நாலு வரும். அன்றைக்குப் பார்த்து நேரம் காலம் பொருந்தி வந்திருந்தது. கார்டு என் கைக்கு எட்டுகிற தூரத்தில் கிடந்தது. என் விரல் மவுஸ் வரை போனது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. நிஜமாக இருந்துவிட்டால்? இன்றோடு தள்ளுபடி போய்விட்டால் அப்பா அடுத்த முறை சம்மதிப்பாரா? அனுப்பியவரின் முகவரியைப் பார்த்தேன். கடையின் பெயர் மாதிரியே இருந்தது, கடையின் முகவரி இல்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அந்த மாதத்தில் நான் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

தலையை நிமிர்த்தியபோது வாசலில் ஒரு வயதான வெள்ளைக்காரர் நின்றிருந்தார். தோளில் பை. முகமெல்லாம் வேர்வை. பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டத்தில் நடந்தே வந்திருக்கிறார். ரூம் கேட்டு மூன்று முறை மெயில் எழுதினேன், கடைசி இரண்டுக்கும் பதில் வராததால் நேரிலேயே வந்துவிட்டேன் என்றார். என் மனைவி நாலு வருடம் முன்பு வரை ஒவ்வொரு வருடமும் இங்கேதான் தங்குவாள் என்றும் சொன்னார்.

யாரென்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஒரு கெஸ்ட் வெளியே போய்விட்டால் விளையாட்டு இல்லை. நான் அவர் முகத்தைப் பார்த்து, எந்த மெயிலும் வரவில்லையே என்று இங்கிலீஷில் சொன்னேன். தெளிவாகவும் சொன்னேன்.

அவர் பையிலிருந்து அச்செடுத்த தாள்களை எடுத்தார். அதற்குள் அப்பா மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டார். மாமாவும் அப்போதுதான் வண்டியை நிறுத்திவிட்டுப் படியேறினார். அப்பா தாள்களை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாகப் படித்தார். லிங்கக் கேள்வி இருந்த தாளில் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். பிறகு பெரியவரைப் பார்த்து, ரூம் நாலில் தங்குகிற அம்மாவா, போய்விட்டார்களா என்று கேட்டார். அவர் தலையாட்டினார். அப்பா தாள்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“ஸாரி சார். ஐ ரோட். தென் ஐ ஃபர்காட். மை மிஸ்டேக் சார்.”

அம்மாவைக் கூப்பிட்டு எங்கள் ரூமைக் காலி செய்யச் சொன்னார். நாங்கள் மொட்டை மாடியில் படுத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. மாமா விடுவாரா?

“மொதல்ல வராதவங்களுக்கு ரூம வச்சிகினு குந்தினு இருந்த. இப்ப வந்தவருக்கு ரூம் இல்ல. நல்லா நடத்துற மாப்ள லாட்ஜு.”

வரிசையில் நின்ற விஜயவாடாக்காரர்கள்கூடப் புரிந்துகொண்டு சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது.

ஆனால் அன்று எனக்குக் கூசவில்லை. தப்பித்தோம் என்றுதான் இருந்தது. லாட்ஜில் யார் எதைச் செய்தாலும் அப்பா ‘நான்’ என்றுதான் சொல்வார். அம்மா துவைத்த விரிப்பை நான் துவைத்தேன் என்பார். பிளம்பர் மாற்றிய குழாயை நான் மாற்றினேன் என்பார். இதுவும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டேன். அவ்வளவு இங்கிலீஷையும் அவர் முழுசாகப் படித்திருக்க மாட்டார் என்றும் நினைத்தேன். தவிர, கெஸ்ட் வெளியே போகவில்லை, வந்துவிட்டாரே!

மாமா கிரிவலத்துக்குக் கிளம்பிப் போனதும் அப்பா கம்ப்யூட்டர் பக்கம் வந்தார்.

“திரும்பப் போடு.”

“எதப்பா?”

“கேமுதான். நம்பர் வந்தா மேலேர்ந்து சொல்றேன், அடிச்சுக்க.”

நாலு தடவை போட்டோம். ஐந்தாவது தடவை மொட்டை மாடியிலிருந்து மாடிப்படி வழியாக அப்பாவின் குரல் ஒவ்வொரு எண்ணாக இறங்கி வந்தது. விளையாட்டை வாங்கிவிட்டேன். கடையிலிருந்து வந்த ரசீது மெயிலை இரண்டு தடவை சரிபார்த்தேன், அது நிஜம்தான். விளையாட்டு, திணறும் இணையத்தில் நூலிழையாக இறங்க ஆரம்பித்தது. காலைக்குள் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

விடிந்தும் விடியாமலும் அப்பா என்னை எழுப்பினார். பௌர்ணமி திதி இன்னும் இருந்தது. பெரியவருக்கு வழி தெரியாது, கூடப் போய்விட்டு வா என்றார். பதினாலு கிலோமீட்டர். செருப்பில்லாமல். விளையாட்டு இறங்கி முடிகிற காலையில் இது என்ன அநியாயம் என்று முணுமுணுத்தேன்.

“கேமு எங்கயும் போவாது. அவரு தனியா நடக்க வேணாம்.”

வாக்குவாதம் பண்ணிப் பயனில்லாத குரல் அது. நடந்தோம். இந்திர லிங்கத்தின் முன்னால் பெரியவர் நின்று, அடுத்தது அக்னி என்றார். அங்கே போனதும் அடுத்தது எமன் என்றார். எட்டையும் சொன்னார், விசித்திரமான உச்சரிப்பில், ஒன்றுகூடத் தப்பாமல். மனைவியின் பழைய டைரியில் தேடி மனப்பாடம் செய்தாராம். மூன்றாவது மெயிலில் அதைத்தான் எழுதியிருந்தாராம். நான் மலையைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

பாதி வழியில், அடி அண்ணாமலையில் டீ குடிக்க உட்கார்ந்தபோது அவர் குரலைத் தாழ்த்தி என்னிடம் ஒன்று சொன்னார். அந்தக் கேள்வியை எழுதியதும் அப்புறம் பதில் போட மறந்ததும் தானேதான் என்று உன் அப்பா நேற்று ஒத்துக்கொண்டார். மெயில் வந்ததை உன்னிடமே சொல்லவில்லை போலிருக்கிறது, பாவம், ரொம்பச் சங்கடப்பட்டார். நீ அவர்மேல் கோபித்துக்கொள்ளக் கூடாது, சரியா?

நான் யோசித்தேன். மெயில் என் பொறுப்புதான், ஆனால் லாட்ஜ் அவருடையதுதானே. அவரும் ஒரு கண் பார்த்திருக்கலாம் என்று உண்மையிலேயே எனக்குத் தோன்றியது. பெரிய மனது பண்ணி, சரி என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். போகிற போக்கில் அவரிடம் சொன்னேன்:

“பரவால்ல வுடுப்பா.”

“எதும்மா?”

“மெயிலுதான். மறந்துட்டியாமே.”

அப்பா வாளியைக் கீழே வைத்தார்.

“ஆமா பாப்பா. இனிமே பாத்து நடந்துக்கறேன்.”

அவர் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை. விளையாட்டு இறங்கி முடிந்திருந்தது.